கூலிக் கணக்கு யார் கையில்?

தூத்துக்குடியில் கூலிச் சண்டை என்றால் கோரல் மில்லில்தான் தொடங்க வேண்டும். ஹார்வி கம்பெனியின் அந்த நூற்பாலையில் 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விடிந்தது முதல் இருட்டும்வரை வேலை. வார விடுமுறை என்ற பேச்சே கிடையாது. கூலியோ வாய்க்கும் வயிற்றுக்கும் பற்றாதது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அந்த மாதம் முழுக்கக் கடற்கரையில் கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள்.

எனக்கு அந்தப் போராட்டத்தில் பிடித்தது பேச்சைவிட ஊர் நடந்துகொண்ட விதம். வ.உ.சி. பணம் திரட்டி வேலையிழந்து நின்றவர்களுக்குச் சோறு போட்டார். சிலருக்கு ஊருக்குள்ளேயே வேறு வேலை பார்த்துக் கொடுத்தார். ஆலைக்குப் பரிந்து பேசிய வக்கீல் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்தாராம். விஷயம் தெரிந்ததும் நாவிதர் பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று இன்றும் சொல்வார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு லீவு கிடைத்தது. அடுத்த வாரமே, மார்ச் 12-ல், வ.உ.சி. கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். அது பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது.

அந்தத் தொழிலாளிகளுக்குக் கையில் பிடித்துக்கொள்ளச் சட்டம் என்று எதுவும் இல்லை. தொழிற்சங்கச் சட்டம் 1926-ல்தான் வந்தது, ஊதியப் பட்டுவாடாச் சட்டம் 1936-ல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-ல். இன்றைக்குச் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. அப்படியும் குறைகூலி ஏன் நிற்கவில்லை என்று தெரிய வேண்டுமானால் முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரிப் பக்கம் போய் உப்பளத்தில் சம்பளம் போடும் நாளில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

கோடையில் உப்பளத்து வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ஆண்கள் பாத்தியில் உப்பு வாருவார்கள். பெண்கள் அதைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். வெயில் ஏறினால் வெள்ளைத் தரையைக் கண் கொண்டு பார்க்க முடியாது. யார் வந்தார்கள், எத்தனை நாள், எவ்வளவு அட்வான்ஸ் என்பதெல்லாம் ஒரே ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டு கங்காணியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ இருக்கும். சம்பள நாளில் காதில் விழுகிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான்:

"அண்ணாச்சி, திங்கக்கெழம நா வந்தேம்லா, நோட்டுல இல்லியே?"

"நீ அன்னைக்குப் பாதியிலயே போயிட்டியே தாயி."

அதோடு முடிந்தது. அரை நாள் கூலி போய்விட்டது. அந்தப் பெண்ணிடம் திருப்பிக் காட்ட ஒரு சீட்டும் இல்லை. குறைகூலி என்றதும் நாம் பெரிய மோசடியாக நினைத்துக்கொள்கிறோம். நடப்பில் அது இப்படி அரை நாளும் கால் நாளுமாகத்தான் போகிறது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்போது வாங்கிய கடனைச் சீசனில் கழிக்கும்போதும் எழுதுவது அதே நோட்டில்தான்.

2025 நவம்பர் 21 முதல் பழைய கூலிச் சட்டங்கள் போய், ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் பிரிவுகளையெல்லாம் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 45-ஐயும் 59-ஐயும் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

45-வது பிரிவின்படி, குறைந்த கூலியோ தவறான பிடித்தமோ நடந்தால் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கெடு 3 ஆண்டு. பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதம்தான் இருந்தது, அதைப் பார்த்தால் இது பெரிய மாற்றம். பாக்கியைத் தரச் சொல்வதோடு, அதைப்போல் பத்து மடங்குவரை இழப்பீடும் விதிக்கலாம். தொழிலாளிதான் நேரில் கொடுக்க வேண்டும் என்பதில்லை, சங்கமே கொடுக்கலாம். எத்தனை பேருக்கானாலும் ஒரே மனு போதும். உப்பளத்தில் இது முக்கியம். தனியாக மனுப் போட்டவருக்கு மறுநாள் "இன்னைக்கு ஆள் போதும்" என்ற பதில்தான் கிடைக்கும். முப்பது பேர் பெயரில் சங்கம் போட்டால் அப்படிச் சொல்வது சிரமம்.

59-வது பிரிவு, கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளி தலையில் வைக்கிறது. ஆனால் அங்கே வேலை பார்த்ததையே முதலாளி மறுத்தால்? அப்போது தொழிலாளி பக்கமும் ஏதாவது வேண்டும். பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அன்றாடம் தேதி, வேலை, நேரம், கைக்கு வந்த காசு என்று எழுதி வைக்கலாம். எழுத வராதவருக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை எழுதிக் கொடுக்கும். ஜிபேயில் வந்த பணம், கங்காணி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, கூட வேலை பார்த்தவரின் சாட்சி எல்லாமே உதவும். சட்டப்படி சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டியதும் பதிவேடு வைக்க வேண்டியதும் முதலாளிதான். பதிவேடு வைக்காவிட்டால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். கணக்கை மறைத்தால் மிச்சமாகும் தொகைக்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. இந்தத் தொகுப்பில் எனக்கு ஆகாத இடம் இதுதான்.

"இந்தக் கூலிக்கு ஒத்துக்கிட்டுத்தானே வந்த?" என்று கேட்பார்கள். ஒத்துக்கொண்டாலும் செல்லாது. தில்லியில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடம் கட்டியவர்களுக்கு ஒரு நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஜமேதார்கள் ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி வந்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடுக்கிற கட்டாய வேலைதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டினிக்குப் பயந்து ஒத்துக்கொள்வதும் கட்டாயம்தான் என்பது நீதிபதி பகவதியின் வாதம்.

எங்கே போவது என்பதில் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. உப்பளம், மீன் கம்பெனி, கடை என்றால் மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகம். வ.உ.சி. துறைமுகம் மத்திய அரசின் பெருந்துறைமுகம். அதற்குள் ஒப்பந்த வேலை பார்ப்பவர் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இடம் மாறிக் கொடுத்த மனு மேசை மேசையாக அலைவது வாடிக்கை. வக்கீலுக்குக் காசில்லையே என்று யாரும் நின்றுவிட வேண்டாம். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். தொலைபேசி எண் 15100.

இதே தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கி முழுவதும் கைக்கு வந்துவிட வேண்டும். ஒப்பந்தக்காரர் பாக்கி வைத்துவிட்டுக் காணாமல் போனால் துறைமுகத்தில் அதை யார் தருவது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)