மோனிக்கா அம்மையார் கண்ட கனவு

கனவு காணாத மனிதர் அரியர். விழித்ததும் அதனை மறந்துவிடுவோர் பலர். அதற்குப் பலன் கேட்டு அலைவோர் சிலர். கனவை மதிக்கவும் வேண்டும், சோதிக்கவும் வேண்டும் என்னும் மூன்றாவது வழியொன்று கிறித்தவ ஆன்மிக வாழ்விலே தொன்றுதொட்டு இருந்து வருகின்றது.

வேதாகமமே இதற்கு அடிப்படை. மத்தேயு சுவிசேஷத்தின் முதலிரண்டு அதிகாரங்களில் யோசேப்பு நான்கு முறை கனவிலே வழிகாட்டப்படுகின்றார். அவர் மரியாளை ஏற்றுக்கொண்டதும், குழந்தையுடன் எகிப்துக்குச் சென்றதும், அங்கிருந்து மீண்டதும், கலிலேயாவிற் குடியேறியதும் அக்கனவுகளின் வழியே நிகழ்ந்தன. ஆயினும், தம் மனத்தில் எழுந்த கனவுகளை இறைவாக்கென்று கூறி மக்களை மயக்குவோரை எரேமியா தீர்க்கதரிசி வன்மையாகக் கண்டிக்கின்றார். அவ்வாறாயின் எக்கனவை ஏற்பது, எக்கனவைத் தள்ளுவது? நான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த தாய் ஒருவரின் வரலாறு இவ்வினாவுக்கு நல்ல விளக்கமாக அமைகின்றது.

அத்தாய் மோனிக்கா அம்மையார். அவருடைய மைந்தரே புனித அகுஸ்தீனார். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரிலே கி.பி. 354ஆம் ஆண்டிற் பிறந்த அவர், இளமையிலே தாயின் சமயத்தை விட்டு, ஒளியும் இருளும் என இரு முதற்பொருள்கள் உண்டென்று போதித்த மானியின் கொள்கையைத் தழுவினார். மனம் நொந்த தாய், மகனுடன் ஒரே மேசையில் உணவருந்தவும் மறுத்தார்.

அக்காலத்திலேதான் அவர் ஒரு கனவு கண்டார். மரத்தாலான அளவுகோல் ஒன்றின்மீது அவர் துயருடன் நிற்கின்றார். ஒளிமிக்க இளைஞர் ஒருவர் புன்முறுவலுடன் அணுகித் துயரின் காரணத்தை வினவுகின்றார். மகன் கெட்டழிவதை எண்ணி அழுவதாகத் தாய் கூறுகின்றார். கலங்காது நோக்குமாறு இளைஞர் பணிக்க, அதே கோலின்மீது தம் அருகே மகன் நிற்பதை அவர் காண்கின்றார். அளவுகோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு நெறி என்னும் பொருளும் உண்டு என்பது இங்கு நோக்கத்தக்கது.

கனவைக் கேட்ட மகன், தாயே ஒருநாள் தம் கொள்கைக்கு வந்துவிடுவார் என்பதே அதன் பொருள் எனச் சாதுரியமாக விளக்கினார். தாய் சிறிதும் தயங்கவில்லை. மகன் நிற்குமிடத்திலே தாய் நிற்பார் என்று சொல்லப்படவில்லை. தாய் நிற்குமிடத்திலே மகன் நிற்பான் என்றே சொல்லப்பட்டது என விடையிறுத்தார். கனவைக் காட்டிலும் அந்த விடையே தம்மை அதிகம் அசைத்தது என்று அகுஸ்தீனார் பின்னாளிலே தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலிலே குறிக்கின்றார்.

அதன்பின் தாய் மகனை மீண்டும் தம் மேசையில் அமரவிட்டார். ஆனால் கனவு பலித்துவிட்டதென்று வாளாவிருக்கவில்லை. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கண்ணீரோடு மன்றாடினார். கடல் கடந்து மிலான் நகர்வரை மகனைத் தொடர்ந்து சென்றார்.

மிலானிலே மகனுக்குத் திருமண ஏற்பாடு நடந்தபோது, அதுபற்றி ஒரு காட்சி அருளுமாறு மகனின் வேண்டுகோளின்படி அம்மையார் நாள்தோறும் இறைவனை இரந்தார். சில தோற்றங்கள் வந்தன. எனினும் அவற்றை அவர் பொருட்படுத்தவில்லை; ஆவல்கொண்ட தம் உள்ளமே அவற்றைப் புனைந்ததென உணர்ந்தார். இறைவன் காட்டுவதற்கும் தம் உள்ளம் காண்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை, சொல்லில் அடங்காத ஒருவகைச் சுவையினால் தாம் அறிவதாக அவர் கூறுவாராம்.

முதற் கனவை நம்பியதிலும், பின்வந்தவற்றைத் தள்ளியதிலேயே அம்மையாரின் பக்குவம் மிகுதியும் விளங்குகின்றது. துயருற்ற தாய்க்கு ஆறுதலான கனவை நம்புதல் எளிது. தாமே விரும்பிக் கேட்ட கனவு வந்தபோது, அது தம் ஆசையின் நிழலே என ஒப்புக்கொள்ளுதல் அரிது. நெடுநாட் செபத்திலே பழகிய உள்ளத்துக்கே அந்தச் சுவை புலப்படும்.

கி.பி. 387ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவிலே, அகுஸ்தீனார் மிலான் ஆயர் அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில், தாயகம் திரும்பும் வழியில், ஒஸ்தியாத் துறைமுகத்திலே மோனிக்கா அம்மையார் தமது 56ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். மகன் தம் அருகே நிற்பதைக் கனவிற் கண்ட தாய், அதனை நனவிலும் கண்ட பின்னரே கண்மூடினார்.