பச்சை விளக்கு எரிகிறது, அறிக்கை திறக்கவில்லை

பிங் அடித்தால் பதில் வருகிறது. லாகின் பக்கம் திறக்கிறது. பாஸ்வேர்டு கொடுத்தால் உள்ளேயும் போக முடிகிறது. மாத விற்பனை அறிக்கையை அழுத்தியதும்தான் திரை வெள்ளையாகி அப்படியே நின்றுவிடுகிறது. கிளவுட் நிறுவனத்தின் கன்சோலில் இணைப்பு ‘அப்’ என்று பச்சையில் தெரிகிறது. அலுவலக ஃபயர்வாலும் அதையே சொல்கிறது. இன்டர்நெட் கொடுத்தவர் தன் லைனில் பிரச்சினை இல்லை என்கிறார். மூன்று பேர் சொல்வதும் உண்மை. வேலை மட்டும் நடக்கவில்லை.

அலுவலக நெட்வொர்க்கையும் கிளவுடையும் இணைக்கும் ‘சைட் டு சைட் விபிஎன்’ இணைப்பைப் பராமரிப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. முன்பு கணக்கு சர்வர் அலுவலகத்திலேயே ஒரு குளிர்பதன அறையில் இருந்தது. இப்போது அது அமேசானின் மும்பை மையத்திலோ, மைக்ரோசாஃப்ட் அசூரின் சென்னை மையத்திலோ ஓடுகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பக்கத்து அறையில் இருப்பதுபோலவே தெரிய வேண்டும். அதே சமயம் நடுவில் இருக்கும் பொது இன்டர்நெட்டில் எவரும் அதைப் படித்துவிடக் கூடாது. இந்த இரண்டையும் செய்வதுதான் விபிஎன். அமேசான் தன் தனிப்பட்ட கிளவுட் சேவையை 2009இல் தொடங்கியபோதே இந்த இணைப்பு வசதி அதில் இருந்தது.

வேலை செய்யும் விதம் இதுதான். அலுவலகத்தில் ஒரு ரவுட்டர் அல்லது ஃபயர்வால், கிளவுடில் ஒரு கேட்வே. இரண்டும் முதலில் பேசி ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. பிறகு அலுவலகக் கணினி அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டும் பூட்டப்பட்டு, இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பப்படுகிறது. கடிதம் போட்ட உறையையே பெரிய உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே வேறு விலாசம் எழுதுவதற்குச் சமம். வெளியில் பார்ப்பவருக்கு இரு முனைகளின் முகவரி மட்டுமே தெரியும். இப்படிப் பூட்டிய பாதைக்குத்தான் ‘டனல்’ என்று பெயர்.

இதற்கான விதிமுறைத் தொகுப்பின் பெயர் ஐபிசெக். முதல் வடிவம் 1995இல் வெளியானது, 1998இல் திருத்தப்பட்டது. சாவி பேசிக்கொள்ளும் முறையின் இரண்டாம் பதிப்பான ‘ஐகேஇ வி2’ 2005இல் வந்தது. ஐபிசெக் வந்த சில ஆண்டுகளிலேயே நீல்ஸ் ஃபெர்குசன், புரூஸ் ஷ்னையர் என்ற இரு மறையாக்க வல்லுநர்கள் அதை அலசி, அதன் சிக்கல்தன்மைதான் பெரிய குறை என்று எழுதினார்கள். இன்று கோளாறு பார்க்க உட்காரும் எவரும் அதை ஒப்புக்கொள்வார். இரு முனையிலும் பல அமைப்புகள் ஒத்துப்போக வேண்டியிருக்கும். ஒரு முனை அலுவலகத்தின் கையில், மறுமுனை கிளவுட் நிறுவனத்தின் கையில்.

கோளாறு வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது டனலை ரீஸ்டார்ட் செய்வது. பல சமயம் அது வேலையும் செய்கிறது, அதுதான் ஆபத்து. கோளாறு எந்த நேரத்தில், எந்த அளவு பாக்கெட்டில், எந்தத் திசையில் வந்தது என்பதுதான் அதன் அடையாளம். ரீஸ்டார்ட் அந்த அடையாளத்தைத் துடைத்துவிடுகிறது.

டனல் எழும்பவே இல்லை என்றால் நிலைமை உண்மையில் எளிது. சாவிப் பேச்சு யுடிபி 500ஆம் போர்ட்டில் தொடங்கும். நடுவில் முகவரி மாற்றும் ரவுட்டர் இருந்தால் 4500க்கு மாறும். இந்த இரண்டும் வழியில் அடைபட்டிருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. பேச்சு நடந்தும் முறிகிறது என்றால் லாக் காரணத்தைச் சொல்லும். ‘நோ புரொபோசல் சோசன்’ என்றால் இரு பக்கமும் வெவ்வேறு மறையாக்க முறைகளைக் கேட்கின்றன. ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்றால் முன்பே பகிர்ந்த சாவியிலோ, முனைகளின் அடையாளத்திலோ பிசகு. மின்னஞ்சலிலிருந்து ஒட்டிய சாவியின் கடைசியில் தொற்றிக்கொண்ட ஓர் இடைவெளிகூடப் போதும். இங்கே கவனிக்க வேண்டியது, அழைப்பைத் தொடங்கிய கருவியைவிட அழைப்பைப் பெற்ற கருவியின் லாக்கில்தான் விவரம் அதிகம். எதைக் கேட்டார்கள், தன்னிடம் எது இருந்தது, ஏன் மறுத்தேன் என்று அதற்குத்தான் தெரியும்.

டனல் எழும்பியும் எதுவும் போகவில்லை என்றால் சாவியை விட்டுவிட்டு வழித்தடத்தைப் பார்க்க வேண்டும். அலுவலகத்திலிருந்து பிங்கை ஓடவிட்டு, கிளவுட் சர்வரில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்துக் கேட்பது நல்ல வழி. கேள்வி அங்கே வந்து சேரவே இல்லையென்றால் தடை போகும் பாதையில் இருக்கிறது. கேள்வி வந்து, சர்வர் பதிலும் போட்டு, அந்தப் பதில் அலுவலகத்துக்கு வரவில்லையென்றால் திரும்பும் பாதையில். கிளவுட் பக்கத்து ரவுட் டேபிளில் அலுவலக நெட்வொர்க்குக்கு வழி எழுத மறந்திருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. கேள்வி வருகிறது, பதிலே கிளம்பவில்லை என்றால் சர்வரின் சொந்த ஃபயர்வாலைத் திறந்து பார்க்கலாம்.

இரு பக்கமும் ஒரே முகவரியை வைத்திருப்பதும் உண்டு. தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று 1996இல் ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதிகள் மூன்றே. வீட்டு ரவுட்டரிலும் கிளை அலுவலகத்திலும் கிளவுடிலும் 192.168.1 என்றே தொடங்கினால், பாக்கெட் டனலுக்குள் நுழையாமல் உள்ளூரிலேயே விலாசம் தேடி அலைந்து தொலையும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒரு பக்கம் முகவரியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் நடுவில் முகவரி மாற்றி அனுப்ப வேண்டும்.

அமேசான் ஒரு விபிஎன் இணைப்புக்கு இரண்டு டனல் கொடுக்கிறது. பராமரிப்புக்காக அது அவ்வப்போது ஒரு முனையை மாற்றும், அப்போது இன்னொன்று தாங்க வேண்டும். ஒன்றை மட்டும் அமைத்துவிட்டு இரண்டாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு அந்தப் பராமரிப்பு நாளில் முழு அலுவலகமும் நின்றுபோகும். இரண்டையும் அமைத்தவர்களுக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. கேள்வி ஒரு டனலில் போய்ப் பதில் மற்றொன்றில் வரலாம். அந்த வழியில் எதையும் அனுப்பியதாகப் பதிவில்லாத ஃபயர்வால், வந்த பதிலைத் தூக்கியெறிந்துவிடும்.

இனி அந்த வெள்ளைத் திரைக்கு வரலாம். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். வெளி உறைக்கும் பூட்டுக்கும் சில பத்து பைட் போய்விடுவதால், அமேசான் டனலுக்குள் அதிகபட்சம் 1446 பைட்தான் செல்லும். தேர்ந்தெடுக்கும் மறையாக்க முறையைப் பொறுத்து அது இன்னும் குறையும். பிபிபிஓஇ முறையில் வரும் பிராட்பேண்ட் என்றால் மேலும் 8 பைட் அதற்கே போகும். பிங்கும் லாகின் பக்கமும் சின்னப் பாக்கெட்டுகளில் அடங்கிவிடுவதால் தப்பித்துக்கொள்கின்றன. விண்டோஸ் பிங் சாதாரணமாகச் சுமப்பது வெறும் 32 பைட். அறிக்கை என்று வரும்போதுதான் சர்வர் முழு அளவுப் பாக்கெட்டுகளை வரிசையாக அனுப்புகிறது, அவை வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இதற்கு ஒரு ஏற்பாடு 1990லேயே வகுக்கப்பட்டது. பாக்கெட் பெரிதாக இருந்தால் வழியிலுள்ள ரவுட்டர், இந்த அளவுக்குள் அனுப்பு என்று ஐசிஎம்பி செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் பல ஃபயர்வால்களில் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். செய்தி வராததால் சர்வர் அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க்காரர்கள் இதை ‘பிளாக் ஹோல்’ என்கிறார்கள். எல்லா ஐசிஎம்பியையும் அடைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம், அதனால் வீணாகும் வேலை நேரம் மிக அதிகம்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ‘துண்டாக்காதே’ என்ற குறியோடு 1472 பைட் சுமையுடன் பிங் அனுப்ப வேண்டும். தலைப்புகளுக்கான 28 பைட்டையும் சேர்த்தால் சரியாக 1500. அது போகாது. அளவைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் பதில் வரத் தொடங்கும். 1418இல் பதில் வந்து 1419இல் நின்றால், பாதையின் அகலம் 1446 என்று கையில் கிடைத்துவிடுகிறது. பிறகு ஃபயர்வாலில் ‘எம்எஸ்எஸ் கிளாம்பிங்’ போட்டால், இரு கணினிகளும் ஆரம்பத்திலேயே சிறிய அளவுக்கு ஒப்புக்கொள்ளும். அசூருக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் எம்எஸ்எஸ் அளவு 1350. இந்த அளவு புதிய இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். எனவே மாற்றிய கையோடு பழைய பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று கைவிடக் கூடாது. புரவுசரை மூடித் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு வகைக் கோளாறு கடிகாரத்தோடு வருகிறது. காலையில் டனலை அமைத்தார்கள், எல்லாம் ஓடியது. ஒரு மணி நேரத்தை நெருங்கும்போது அறுந்தது. ரீஸ்டார்ட் செய்தார்கள், மறுபடி ஓடியது, மறுபடி ஒரு மணி நேரத்தில் அறுந்தது. இன்டர்நெட் லைன் மேல் பழி விழும். லைனில் ஒரு குறையும் இருக்காது.

டனலின் சாவிகளுக்கு ஆயுள் உண்டு. அமேசானில் இயல்பாக, தரவைப் பூட்டும் சாவிக்கு 3,600 விநாடி. சாவிப் பேச்சைப் பாதுகாக்கும் சாவிக்கு 28,800 விநாடி. ஆயுள் முடியும் முன் புதிதாகப் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். ஐகேஇ வி2 முறையில் முதல் தரவுச் சாவி, தொடக்கப் பேச்சிலேயே உருவாகிவிடுகிறது. அதற்கெனத் தனியாக ஒரு சாவிப் பரிமாற்றம் நடப்பதில்லை. அந்தத் தனிப் பரிமாற்றத்துக்கான அமைப்பான ‘பிஎஃப்எஸ் குரூப்’ இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டாலும், முதல் ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் தெரியாது. முதல் புதுப்பிப்பில்தான் வெளிவரும். ரீஸ்டார்ட் செய்தால் மீண்டும் தொடக்கப் பேச்சு, மீண்டும் ஒரு மணி நேரம் நிம்மதி. ரீஸ்டார்ட்டே மருந்து என்ற நம்பிக்கை பலப்படுவது இப்படித்தான். சிலர் அதை மணிக்கொருமுறை தானாக நடக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டு, ஒரு வரி அமைப்பைத் திருத்தாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

புதிதாக ஒரு கிளை நெட்வொர்க்கைச் சேர்த்ததும் பழையது போய்விடுவதும் உண்டு. பழைய பாணி ஃபயர்வால்கள் ஒவ்வொரு நெட்வொர்க் ஜோடிக்கும் தனித்தனி ஒப்பந்தம் போடும். அமேசான் ஒரு டனலுக்கு ஒரு ஜோடியைத்தான் ஏற்கும். இரண்டாவது வந்தால் முதலாவது விழும். முகவரிகளை ஒரே பெரிய தொகுதியாகச் சேர்த்துக் காட்டினால், அல்லது ரவுட் அடிப்படையிலான டனலுக்கு மாறினால் இது தீர்ந்துவிடும்.

கிளவுட் நிறுவனத்திடம் புகார் கொடுக்கும்போது நேரத்தைச் சரியாக எழுதுவது முக்கியம். அவர்களின் பதிவுகள் பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும். அலுவலகத்தில் காலை 10:12க்கு அறுந்தது அங்கே 04:42 என்று பதிவாகியிருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்காமல் தேடினால் இரு தரப்பும் வெவ்வேறு நிகழ்வுகளைப் பார்த்துக்கொண்டு வாதாடும். ஃபயர்வாலின் கடிகாரமே சில நிமிடங்கள் பிந்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

திருத்திய பிறகு பத்து நிமிடம் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிட முடியாது. ஒரு பெரிய ஃபைலை இரு திசையிலும் நகலெடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு பிங்கைத் தொடர்ந்து ஓடவிட வேண்டும். காலை 9 மணிக்குச் சரிசெய்த டனல் 10 மணியை ஒட்டி வரும் முதல் புதுப்பிப்பையும், மாலை 5 மணியை ஒட்டி வரும் எட்டு மணி நேரப் புதுப்பிப்பையும் அறுபடாமல் தாண்டிய பிறகே அந்தப் புகாரை மூடலாம்.