நாலு இருபது!

எங்கள் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1750-ல் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். பதினோரு வருஷம்! அடியேன் பிரெஞ்சைப் பிடித்தது 2019-ல். விட்டது மூன்றாவது வாரம்.

காரணம் 97. பிரெஞ்சில் எண்பதுக்குத் தனி வார்த்தை கிடையாது சார். 'நாலு இருபது' என்பார்கள். 97 என்றால் 'நாலு இருபது, பத்து, ஏழு'. பி.காம். படித்தவனுக்கே தலை சுற்றியது. பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுவதை நிறுத்தினேன். ஆனால் பயோடேட்டாவில் மட்டும் 'பிரெஞ்சு தெரியும்' என்ற வரி அழியாமல் இருந்தது.

2024-ல் ஒரு கம்பெனி இன்டர்வியூ. கணக்குக் கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில். கடைசியில், "பிரெஞ்சுல ரெண்டு வாக்கியம் பேசுங்க" என்றார்கள். 'போன்ழூர்' என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தேன். 'மெர்சி' சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

"கதை எழுதினா காசு வரும். பயோடேட்டாவுல எழுதினா வேலை வருமா?" என்றாள் மனைவி. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மாதா மாதம் முதல் தேதி சம்பளம் என்ற கனவல்லவா போனது!

அப்போதுதான் சீகன்பால்க் ஞாபகம் வந்தது. டென்மார்க் அரசர் அனுப்பி 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார். இளம் வயது. தமிழில் 'அ' கூடத் தெரியாது. என்ன செய்தார்? திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதினார். வெட்கம் பார்க்கவில்லை.

அவர் போட்டுக்கொண்ட டைம்டேபிளைக் கேளுங்கள். காலை 7 முதல் 8 வரை, முன்பே படித்த வார்த்தைகளைத் திருப்பிப் பார்ப்பது. 8 முதல் 12 வரை, புதிய தமிழ்ச் சுவடிகள். பக்கத்தில் ஒரு வயதான புலவர். புது வார்த்தைகளைக் குறிக்க ஒரு எழுத்தர். பிற்பகல் 3 முதல் 5 வரை மறுபடி வாசிப்பு. ராத்திரி கண்ணுக்கு ஓய்வு. ஆனால் காதுக்கு இல்லை. ஒருவர் உரக்கப் படிக்க, இவர் கேட்பார். 1708-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711-ல் முடித்தார். 1715-ல் அது தரங்கம்பாடியிலேயே அச்சானது.

கவனித்தீர்களா? முதலில் பழசு, பிறகுதான் புதுசு! ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதைவிட, நாள் இடைவெளி விட்டுத் திருப்பிப் படித்தால் மனதில் நிற்கும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து எழுதியது 1885-ல். சீகன்பால்க் அதற்கு 170 வருஷம் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார்.

நானும் ஆரம்பித்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஹோம்வொர்க் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதுவேன். தினம் அரை மணி. நேற்றைய பத்து வார்த்தை முதலில், புதுசு ஐந்துதான். மகள்தான் கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால், "அப்பா, மூணு தடவை எழுது" என்று இம்போசிஷன் வேறு!

2025 ஜூலையில் நம் கோட்டை, பதினோரு மகாராஷ்டிரக் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்கப்புறம் ஒருநாள் ராஜகிரி அடிவாரத்தில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி இளநீர் குடித்துவிட்டு விழித்தார்கள். இரண்டு இளநீர், எண்பது ரூபாய். நான் குறுக்கே புகுந்து, 'நாலு இருபது' என்றேன், சுத்தமான பிரெஞ்சில். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, சரியாக எண்பதை எண்ணிக் கொடுத்தார்.

இளநீர்க்காரத் தம்பி என்னையே பார்த்தான். "எண்பதைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமாண்ணே?"

"ஆறு வருஷம் ஆச்சு, தம்பி!"