ஒரு நாள் சைவம்: தட்டில் பருப்பு இருக்கிறதா?

புரட்டாசி பிறந்துவிட்டால் பல்லடம் பக்கம் கறிக்கோழி விலை இறங்கிவிடும். மாதம் முழுக்கக் கவிச்சி தொடாத வீடுகள், சனிக்கிழமை மட்டும் விரதம் இருக்கும் வீடுகள் என்று தமிழ்நாட்டில் அவ்வளவு இருக்கின்றன. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை என்று கணக்குப் பார்த்தால் அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் சைவ நாள் புதிதல்ல. கொழுப்பைக் குறைக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும் என்று வாரம் ஒரு நாள் சைவத்தைத் தொடங்குகிறவர்களும் இப்போது உண்டு. நல்ல முடிவுதான். அந்த நாளில் தட்டில் என்ன விழுகிறது என்பதில்தான் கவலை.

கறிக்குப் பதில் உருளைக்கிழங்கா?

மதியம் குவித்து வைத்த சோறு, அதன்மேல் தண்ணீராக ஓடும் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், விசேஷ நாளென்றால் பாயசம். பல வீடுகளில் சைவ நாள் என்றால் இதுதான். வெளியில் சாப்பிடுகிற பிள்ளைகள் கோபி 65 வாங்குகிறார்கள். மைதாவிலும் சோள மாவிலும் புரட்டி எண்ணெயில் பொரித்த காலிஃபிளவர் அது. மீனும் முட்டையும் தந்த புரதம் போன இடத்தில் மாவுச்சத்தும் எண்ணெயும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இப்படிப்பட்ட சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும்.

ஐம்பது கிராம் கணக்கு

பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். பெரும்பாலான பருப்பு, பயறு வகைகளில் வேக வைக்காத 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கிறது. எனவே ஒரு கரண்டி சாம்பாரை நம்பி 50 கிராமை எட்ட முடியாது. ஆனால் நம் சமையலுக்குள்ளேயே வழி இருக்கிறது.

காலையில் அடை. துவரை, கடலைப்பருப்பு, உளுந்து மூன்றையும் அரிசிக்குச் சரிசமமாகப் போட்டு, மிளகாய், சோம்பு சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, முருங்கைக்கீரையை உருவிப் போட்டு வார்த்தால் இரண்டு அடையில் 13, 14 கிராம் புரதம் வந்துவிடும். மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பாசிப்பருப்பு தாராளமாகப் போட்ட கீரைக் கூட்டும் ஒரு கிண்ணம் தயிரும். சாயங்காலம் கொண்டைக்கடலை சுண்டல் அல்லது அவித்த வேர்க்கடலை. இரவுக்குச் சப்பாத்தியும் பச்சைப்பயறு குழம்பும், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். 50 கிராம் சிரமமில்லாமல் நிறைந்துவிடும்.

அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது உண்டு. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. அடையிலும் பொங்கலிலும் இரண்டும் சேர்ந்து முழுமையான புரதமாகிவிடுகின்றன. அதனால்தான் அடையை ஒரு சிறந்த சைவ உணவு என்று தயங்காமல் சொல்வேன்.

காய்கறிக்கும் கணக்கு உண்டு. அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கீரையையும் சேர்த்து நாளுக்கு 400 கிராம் காய்கறி சொல்கிறது. உருளைக்கிழங்கு வறுவல் அந்தக் கணக்கில் வராது.

இரும்பும் பி12-உம்

கறியில் உள்ள இரும்பை உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரை, பயறில் உள்ளதை அவ்வளவு சுலபமாக எடுக்காது. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால், வைட்டமின் சி அதற்குத் துணை செய்யும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பது இதைக் கெடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். ரத்தசோகை உள்ள பெண்கள் இதை விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

பி12 செடிகளில் கிடைக்காது. கல்லீரலில் அதன் சேமிப்பு இருப்பதால் ஒரு நாள் சைவத்தால் எந்தக் குறையும் வராது. நிரந்தரமாகச் சைவத்துக்கு மாறுகிறவர்கள் பால், தயிரை விடக்கூடாது. பாலும் வேண்டாம் என்பவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்குக் கவனம்?

பயறு சாப்பிட்டுப் பழகாத வயிறு முதலில் உப்பும். ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இஞ்சி, பெருங்காயம் போட்டுக் குழைய வேக வையுங்கள். சிறுநீரக நோயாளிகள் பருப்பு, கீரையின் அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரதம் என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மருந்தை மட்டும் எடுக்காதீர்கள். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

கொண்டைக்கடலை எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். சனிக்கிழமை சைவம் என்று முடிவு செய்துவிட்டால், வெள்ளி இரவே ஊறப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.