நாற்பது மணி நேரமா, அரை மணி நேரமா?

குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன சில நாட்களிலேயே பெற்றோர் முன்னால் வந்து நிற்கும் கேள்வி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தெரபி என்பது. இருபது மணி நேரமாவது வேண்டும் என்பார் ஒருவர், முடிந்தால் நாற்பது என்பார் இன்னொருவர். அந்த நாற்பதுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1987-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஐவர் லோவாஸ் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆட்டிசம் உள்ள 19 சிறு குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனித்தனியே பயிற்சி தரப்பட்டது. அவர்களில் ஒன்பது பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பைத் தாண்டினார்கள். நுண்ணறிவுத் தேர்விலும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக வந்தார்கள். ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட 40 பேரில் அந்த நிலையை எட்டியவர் ஒரே ஒருவர். கேட்பவரை மலைக்க வைக்கும் முடிவுதான். ஆனால் எந்தக் குழந்தை எந்தப் பிரிவுக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை, பயிற்சியாளர் கிடைத்தாரா இல்லையா என்பது தீர்மானித்தது. வேண்டாத செயலுக்கு உரத்த அதட்டலும் எப்போதாவது தொடையில் ஓர் அடியும் அந்தப் பயிற்சியின் பகுதியாக இருந்தன என்பதையும் இன்று பலர் பேசுவதில்லை. இதெல்லாம் உதிர்ந்துபோய், நாற்பது என்ற எண் மட்டும் உலகெங்கும் பயணம் செய்தது.

அந்த எண்ணை 2024-ல் சாண்ட்பேங்க் தலைமையிலான அமெரிக்கக் குழு ஒன்று தராசில் ஏற்றிப் பார்த்தது. 144 ஆய்வுகள், அவற்றில் பங்கேற்ற 9,038 குழந்தைகள். தினமும் எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை மாதம், இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு என்று பல விதங்களில் பார்த்தும், நேரம் கூடக் கூடப் பலன் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் அகப்படவில்லை. தெரபியே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மணிக்கணக்கு ஒரு மோசமான அளவுகோல் என்பதே இதன் பொருள். எனக்குத் தோன்றுவது இது: கேட்கவேண்டிய கேள்வி எவ்வளவு நேரம் என்பதல்ல. குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் கூட இருப்பவருக்கு, அது சொல்ல வருவதைப் படிக்கத் தெரிகிறதா என்பதே. இதற்கு ஆதரவாக உள்ள சான்று பெரிய வாக்குறுதி எதையும் தருவதில்லை. ஆனால் ஆட்டிசம் சிகிச்சைகளில் இந்த அளவுக்கு நேர்மையாகச் சோதிக்கப்பட்டவை மிகக் குறைவு.

அப்படிப் படிக்கப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் முறை ஒன்று பேக்ட் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. அதை உருவாக்கிய குழுவில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநல மருத்துவர் ஜொனதன் கிரீன் முக்கியமானவர். இதில் தெரபிஸ்ட் குழந்தையிடம் வேலை செய்வதே இல்லை. தாயோ தந்தையோ குழந்தையோடு சில நிமிடம் விளையாட, அது வீடியோவில் பதிவாகிறது. பிறகு தெரபிஸ்டும் பெற்றோரும் உட்கார்ந்து அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். குழந்தை கார் பொம்மையின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது; நடுவில் ஒரு நொடி கை நின்று, பார்வை தாயின் முழங்கை வரை வந்து திரும்புகிறது. அந்த நேரத்தில் தாய், “இது என்ன கலர்? சொல்லு, சிவப்பு” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு நொடிதான் குழந்தையின் பேச்சு. ஓடும் விளையாட்டில் அது கண்ணில் படாது, நிறுத்திய படத்தில் படும். அடுத்த முறை தாய் கேள்வியைக் குறைத்துக் காத்திருக்கிறார். பார்வை வந்ததும் “சுத்துது, சுத்துது” என்று குழந்தை கவனித்துக்கொண்டிருப்பதையே சொல்கிறார். ஆறு மாதம் இரு வாரத்துக்கு ஒரு முறை, அடுத்த ஆறு மாதம் மாதம் ஒரு முறை என்று அமர்வுகள். வீட்டில் தினமும் அரை மணி நேரம்.

லண்டன், மான்செஸ்டர், நியூகாசில் ஆகிய மூன்று இடங்களில் 152 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2010-ல் லான்செட் இதழில் வந்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. பெற்றோர் மறுமொழி சொல்லும் விதம் வெகுவாக மாறியிருந்தது, குழந்தை தானாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியிருந்தது. ஆனால் முதன்மை அளவீடாக வைத்திருந்த ஆட்டிச அறிகுறிகளில் இரு பிரிவுக்கும் நம்பும்படியான வேறுபாடு இல்லை. பலரும் அத்தோடு கோப்பை மூடியிருப்பார்கள். இந்தக் குழு ஏறத்தாழ ஆறு ஆண்டு கழித்து அதே குழந்தைகளில் 121 பேரைத் தேடிப் பிடித்தது. அறிகுறிகள் தீவிரமாக உள்ளவர்களின் பங்கு, பயிற்சி பெற்ற பிரிவில் 55 சதவீதத்திலிருந்து 46-க்கு இறங்கியிருந்தது. மற்றப் பிரிவில் 50-லிருந்து 63-க்கு ஏறியிருந்தது. பதற்றம், மனச்சோர்வு, அடங்காத நடத்தை ஆகியவற்றில் இரு பிரிவும் ஒன்றுதான். ஆட்டிசம் மறையவும் இல்லை. ஆக, கிடைத்தது ஓர் எளிய ஆதாயம். சிகிச்சை நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் அது தங்கியிருந்தது என்பதே இதன் தனிச்சிறப்பு, அதற்குக் காரணத்தை ஊகிப்பதும் கடினமில்லை. தெரபிஸ்ட் போய்விட்டார், பெற்றோர் வீட்டில்தானே இருக்கிறார்கள்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலி நிறைந்தது. மருத்துவ உலகம் ஒரு காலத்தில் தாயைத்தான் கூண்டில் ஏற்றியது. 1943-ல் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை முதலில் விவரித்த லியோ கானரே பெற்றோரின் குளிர்ந்த சுபாவத்தைப் பற்றி எழுதினார். சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் தம் புத்தகத்தின் மூலம் அதைப் பெரும் குற்றச்சாட்டாகவே வளர்த்துவிட்டார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தனர். உருவொத்த இரட்டையர் 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். உருவொவ்வாத 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரண்டு வகை இரட்டையரும் ஒரே வீட்டில், ஒரே தாயிடம் வளர்ந்தவர்கள்தாம். வளர்ப்பு காரணமாக இருந்தால் இந்த வேறுபாடு வரவே வழியில்லை. அதன்பின் வந்த பெரிய ஆய்வுகளும் மரபணுவின் பங்கையே உறுதிசெய்தன. அப்படியிருக்க, மறுபடியும் தாயைத் திருத்துவதா என்று கேட்டால், காரணமும் உதவியும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே பதில். காது கேளாத குழந்தையின் பெற்றோர் சைகை மொழி கற்கிறார்கள். காது கேளாமைக்கு அவர்கள் காரணம் என்பதாலா? மற்றக் குழந்தைகளுக்குத் தாராளமாகப் போதுமான பேச்சும் கொஞ்சலும், குறிப்புகள் மங்கலாகவும் அபூர்வமாகவும் வரும் இந்தக் குழந்தைக்குப் போதவில்லை. சராசரிக்கு மேலான ஒரு நுட்பம் தேவைப்படுகிறது. அதைக் கற்றுத்தரத்தான் வீடியோ.

இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் இங்கிலாந்துக்குச் சரி, நிபுணர்கள் இல்லாத ஊரில் யார் செய்வது என்பது. இதற்கு நம் பக்கத்திலிருந்தே பதில் வந்திருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் இந்த முறையைச் சுருக்கி, உள்ளூர் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றி, நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 65 குழந்தைகளிடம் சோதித்தார்கள். குலுக்கலில் இந்தப் பயிற்சி கிடைத்த குடும்பங்களுக்கு 12 அமர்வுகள். 2016-ல் வந்த முடிவில் பெற்றோரின் மறுமொழியும் குழந்தையின் முன்முயற்சியும் தெளிவாகக் கூடியிருந்தன. இருவரும் ஒரே பொருளில் கவனம் பகிரும் நேரம் மட்டும் எதிர்பாராமல் குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் வெளியிட்டதே மற்ற எண்களை நம்பவைக்கிறது. இரண்டே இடம், சின்ன எண்ணிக்கை என்பது உண்மை. ஆனாலும் நிபுணர் பஞ்சத்தைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க இனி இடமில்லை.

சுமை முழுவதும் தாயின் தலையில்தானே விழும் என்ற மூன்றாவது மறுப்பை நான் அவ்வளவு லேசாகத் தள்ள மாட்டேன். நம் வீடுகளில் பெற்றோர் என்று எழுதினால் அம்மா என்றுதான் வாசிக்கப்படும். வேலையை விட்டவர், மாமியாரின் பேச்சைக் கேட்டவர், பஸ் மாறி மாறி மையங்களுக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்பவர் அவரே. தினம் அரை மணி நேரம் அந்த அலைச்சலைவிடக் குறைவு என்பது சரி. ஆனால் “அம்மாவே செய்வார்” என்று சொல்லி அரசு தன் பள்ளிப் பொறுப்பிலிருந்தும் சிறப்பாசிரியர் நியமனத்திலிருந்தும் நழுவிக்கொண்டால், இந்த ஆராய்ச்சியே அதற்குச் சாக்காகிவிடும். இந்த முறையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது என்பதற்கு, 248 குழந்தைகளோடு நடந்து 2022-ல் வெளியான அதன் அடுத்த வடிவமான பேக்ட்-ஜியின் ஆய்வு எச்சரிக்கையாக நிற்கிறது. இதில் வீட்டோடு பள்ளியையும் சேர்த்தார்கள். பெரியவர்களுடன் குழந்தை பழகும் விதம் மேம்பட்டது, ஆனால் அறிகுறிகளில் ஓராண்டு முடிவில் மாற்றம் இல்லை. 2010-ன் கதை மறுபடி நடக்குமா, அல்லது இவ்வளவுதானா என்பதை இந்தக் குழந்தைகளையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்துதான் சொல்ல முடியும்.

ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானோர் எழுப்பும் ஒரு கேள்வியும் உண்டு: எங்களை ஏன் மாற்றப் பார்க்கிறீர்கள்? கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று பழக்கும் முறைகளுக்கு அந்தக் கேள்வி நேராகப் பொருந்தும். இங்கே அது அவ்வளவாக ஒட்டாது, ஏனெனில் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர் பெற்றோர். சக்கரத்தைச் சுற்றும் குழந்தை சுற்றிக்கொண்டே இருக்கலாம். அந்தக் கேள்வியோடு சேர்த்தே பார்க்கவேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் இதே போக்கில் இன்னும் முன்னே போய், ஆட்டிசத்தின் ஆரம்பக் குறிகள் தெரிந்த 9 முதல் 14 மாதக் கைக்குழந்தைகள் 103 பேரின் குடும்பங்களில் பாதிக்கு வீடியோவழிப் பயிற்சி தந்தார்கள். மூன்று வயதில் மீண்டும் சோதிக்க முடிந்தவர்களில், பயிற்சி பெற்ற 45 பேரில் மூவருக்கே ஆட்டிசம் என்று முடிவானது. மற்றப் பிரிவின் 44 பேரில் ஒன்பது பேருக்கு. தலைப்புச் செய்திகள் இதைத் ‘தடுப்பு’ என்று எழுதியது அவசரம். அந்தக் குழந்தைகளில் பலருக்கு வளர்ச்சிச் சிரமங்கள் இருக்கவே செய்தன, எண்ணிக்கையும் சிறியது.

தெரபிக்குப் பணம் கட்டும் பெற்றோர் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நாற்காலியில் காத்திருக்கச் சொல்லும் மையத்தில், மணி நேரத்தைக் கூட்டலாமா என்று கேட்பதற்கு முன், நாங்களும் உள்ளே உட்காரலாமா, வீட்டில் என்ன செய்வது என்று எங்களுக்குக் காட்டுவீர்களா என்று கேட்கலாம். முடியாது என்று பதில் வந்தால், நாற்பது மணி நேரம் தருகிற இடமாக இருந்தாலும் வேறு இடம் பார்ப்பது நல்லது.