அடியிலே இடம் நிறைய இருக்கிறது!



எங்கப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சாவி கொடுக்கிற வாட்ச் போய் குவார்ட்ஸ் வாட்ச் வந்தபோது பாதி வேலை போச்சு. செல்போன் வந்ததும் மீதியும் போச்சு. "என் பொழப்பைத் தின்னது எலக்ட்ரானிக்ஸ்தான். நீ அதையே படிச்சிடு" என்று சொல்லித்தான் என்னை டிப்ளமோவில் சேர்த்தார். நாளைக்கு அதே எலக்ட்ரானிக்ஸ் என்னையும் தின்னுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது கிடைத்ததுதான் ஒரு பழைய சொற்பொழிவு.

பேசியவர் யார்?

1959 டிசம்பர் 29. அமெரிக்காவில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் கூட்டம். பேசியவர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன். பின்னாளில், 1965-ல், நோபல் பரிசு பெற்றவர். அவர் பேச்சின் தலைப்பைத் தமிழில் சொன்னால், இந்தக் கட்டுரையின் தலைப்புதான்.

பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 24 தொகுதிகளையும் ஒரு குண்டூசித் தலையில் எழுத முடியாதா என்று கேட்டார். 25,000 மடங்கு சுருக்கினால் போதும், எந்த இயற்கை விதியும் அதைத் தடுக்கவில்லை என்றார். அடுத்து கம்ப்யூட்டருக்கு வந்தார். அப்போது பெரிய கம்ப்யூட்டர் என்றால் ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லத் தெரியாது. அதற்கு இன்னும் ஏராளமான உறுப்புகள் வேண்டும். அப்படியானால் கம்பிகளை 10 அல்லது 100 அணு தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்.

ஏன் சின்னதாக்க வேண்டும்?

இடத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை நண்பர்களே! ஒளி ஒரு நானோ வினாடியில் சுமார் 30 செ.மீ. தான் போகும். அதை மிஞ்சி எந்த சிக்னலும் போகாது. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரில் ஒரு துடிப்பு நேரத்துக்குள் ஒளியே 10 செ.மீ. தான் நகரும். ஆகவே அறை அளவு இயந்திரம் அந்த வேகத்தில் ஓடவே முடியாது. வேகம் வேண்டுமென்றால் சுருங்கித்தான் ஆக வேண்டும்.

சுருங்கியது. 1971-ல் வந்த இன்டெல் 4004 சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர்கள். 2020-ல் வந்த ஆப்பிள் எம்1 சிப்பில் 1,600 கோடி! இன்று நம் முகத்தைப் பார்த்தே செல்போன் திறக்கிறது.

ஆனால் அடிக்கும் ஒரு அடி உண்டு. டிரான்சிஸ்டரின் கேட்டுக்குக் கீழே உள்ள ஆக்சைடு படலம் மெலிந்து மெலிந்து சுமார் 1.2 நானோமீட்டருக்கு வந்தது. அதாவது ஐந்தாறு அணு அடுக்கு. அவ்வளவு மெல்லிய சுவரை எலக்ட்ரான் ஊடுருவிப் போய்விடும். சும்மா இருக்கும்போதே கரண்ட் கசியும், சிப் சூடாகும். 2007-ல் இன்டெல் அந்தப் படலத்துக்கு ஹாஃப்னியம் கலந்த வேறு பொருளைக் கொண்டுவந்தது. இன்னும் சுருக்குவதோடு, பொருளையும் வடிவத்தையும் மாற்றுவதுதான் இனி வழி.

இரண்டு பரிசுகள்

ஃபெய்ன்மன் ஆளுக்கு 1,000 டாலர் என்று இரண்டு பரிசு அறிவித்தார். ஒன்று, 1/64 அங்குல கனசதுரத்துக்குள் அடங்கும் மோட்டார் செய்பவருக்கு. 1960-லேயே வில்லியம் மெக்லெல்லன் என்ற இன்ஜினியர் செய்துவிட்டார். எதை வைத்து? மைக்ராஸ்கோப், கூர் சீவிய பல்குச்சி, வாட்ச் வேலைக்கான சின்ன லேத்!

இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவன் நம்ம ஆளுடா" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

ஆனால் ஃபெய்ன்மனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். புதிய முறை ஒன்று பிறக்கும் என்று எதிர்பார்த்தார். பழைய முறையே ஜெயித்துவிட்டது. ஒரு புத்தகப் பக்கத்தை 25,000 மடங்கு சுருக்கி எழுதும் இரண்டாவது பரிசுக்குக் கைத்திறன் மட்டும் போதவில்லை. 1985-ல்தான் டாம் நியூமன் என்ற ஸ்டான்ஃபோர்டு மாணவர் எலக்ட்ரான் கற்றையால் எழுதி அதை வென்றார்.

என் கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். அப்பாவுக்குக் கை இருந்தது. அடுத்த முறையைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நமக்கு வகுப்பும் இருக்கிறது, லேபும் இருக்கிறது. பரீட்சையோடு படிப்பை மூடி வைத்தால்தான் எலக்ட்ரானிக்ஸ் நம்மைத் தின்னும். நண்பர்களே, அடியிலே இடம் இன்னும் இருக்கிறது. அதில் நமக்கும் ஒரு இடம் பிடிப்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை