மூன்று கையும் ஒரு தண்டும்

சின்ன டிராக்டர் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்.பி. எடுக்கலாமுங்க?" என்றுதான். "பின்னாடி என்ன மாட்டப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருக்கும். விலைப்பட்டியல், மானியம், டயர் எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பார்கள். வண்டியின் பின்பக்கம் போய் நின்று பார்த்தவர்கள் குறைவு.

பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் நிற்பது 24 குதிரைத்திறன் வண்டி. மழைக்காலத்தில் புல் வெட்டுகிறது, நடவு வந்தால் குழி எடுக்கிறது. இரண்டும் நேர் எதிரான வேலைகள். புல் வெட்டத் தகடு படுவேகமாகச் சுற்ற வேண்டும், மண்ணைத் தொடவே கூடாது. குழி எடுக்க நிதானமாகச் சுற்ற வேண்டும், மண்ணுக்குள் மூன்றடி இறங்க வேண்டும். ஒரே எஞ்சின் இரண்டையும் செய்கிறதென்றால், பின்னால் இருக்கும் மூன்று கையும் ஒரு தண்டும்தான் காரணம்.

கீழே இரண்டு கை, மேலே நடுவில் டாப் லிங்க். கீழ்க்கைகள் கருவியை இழுக்கின்றன, ஹைட்ராலிக்கில் தூக்குகின்றன. டாப் லிங்க் அதன் தலையை நிமிர்த்தியோ சாய்த்தோ பிடித்துக்கொள்கிறது. இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் கீழ்க்கைப் பின் 22 மில்லிமீட்டர், டாப் லிங்க் பின் 19 மில்லிமீட்டர். அளவு பொதுவாக இருப்பதால்தான் ஒரு கம்பெனி வண்டியில் இன்னொரு கம்பெனியின் கலப்பையை மாட்ட முடிகிறது.

இந்த மூன்று கை ஏற்பாட்டை உலகம் முழுக்கப் பரவச் செய்தவர் ஹாரி ஃபெர்குசன். வட அயர்லாந்தின் டவுன் கவுன்டியில் ஒரு விவசாயியின் மகனாக 1884இல் பிறந்தவர். 1909 கடைசியில், தானே செய்த விமானத்தில் அயர்லாந்து மண்ணிலிருந்து பறந்தவரும் அவர்தான். அந்தக் காலத்தில் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் சங்கிலி போட்டு இழுத்தார்கள். கொழு ஒரு பாறையில் மாட்டினால் பின்சக்கரம் அழுத்திச் சுற்றும், முன்பக்கம் மேலே எழும்பும், வண்டி ஓட்டுபவர்மீதே மல்லாந்து விழும். பலர் இப்படிச் செத்தார்கள். ஃபெர்குசன் கலப்பையை வண்டியோடு மூன்று புள்ளிகளில் பிணைத்தார். இப்போது கலப்பை பாறையில் இடித்தால் அந்த விசை டாப் லிங்க் வழியாக முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்துகிறது. கூடவே ஹைட்ராலிக் கட்டுப்பாட்டையும் சேர்த்து 1926இல் காப்புரிமை பெற்றார். 1939இல் ஹென்றி ஃபோர்டின் 9என் டிராக்டர் இந்த ஏற்பாட்டோடு வந்தது. 1953இல் அவருடைய நிறுவனம் மேஸி-ஹாரிஸோடு சேர்ந்து, பின்னர் மேஸி ஃபெர்குசன் ஆனது. அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்துதான் 1960இல் சென்னையில் டாஃபே தொடங்கியது. நம் ஊர்ச் சாலையில் கரும்பு ஏற்றிப் போகும் சிவப்பு மேஸியின் பெயரில் பாதி அந்த அயர்லாந்துக்காரருடையது. உயிரைக் காப்பாற்றப் பிறந்த ஏற்பாடு இது என்பதை, டாப் லிங்க்கைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால், அதைக் கழற்றி வீசிவிட்டுக் கயிற்றைக் கட்டி மரம் இழுக்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

நடுவில் துருத்திக்கொண்டு, எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கடத்தும் தண்டுதான் பி.டி.ஓ. விட்டம் 35 மில்லிமீட்டர், ஆறு பல். எஞ்சின் வேகத்தைச் சரியான கோட்டில் வைத்தால் நிமிடத்துக்கு 540 சுற்று. கருவி எதுவானாலும் இந்த 540தான் அதற்குப் போய்ச் சேருகிறது. அதை என்ன செய்வது என்பது கருவியின் கியர் பெட்டியில் இருக்கிறது. புல் வெட்டும் ஸ்லாஷரின் பெட்டி வேகத்தை ஏற்றிவிடும். குழி மிஷினின் பெட்டி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, அந்த அளவுக்குத் திருகு விசையைக் கூட்டிவிடும்.

முதலில் புல். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஆனி ஆடிச் சாரலில் ஒரு முளை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு முளை. அருகு, கோரை, பார்த்தீனியம் எல்லாம் முழங்காலுக்கு வரும். பழைய வழக்கப்படி ரொட்டவேட்டர் போட்டுத் தோப்பைப் புரட்டி எடுத்துவிடுவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் தென்னையின் உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மரத்திலிருந்து ஆறடி தூரத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே ரொட்டவேட்டரின் எல் வடிவக் கத்தி போனால் வேர்தான் அறுபடும். வெறும் மண் மாசி, பங்குனி வெயிலில் காய்ந்து கிடக்கும். ஸ்லாஷர் அப்படியில்லை. புல்லின் வேரை மண்ணைப் பிடித்துக்கொள்ள விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்டுகிறது. வெட்டிய புல் அங்கேயே மூடாக்காகக் கிடக்கிறது. பார்த்தீனியத்தை மட்டும் பூப்பதற்கு முன்னால் வெட்டிவிட வேண்டும். தோப்பை உழுவதைக் குறைத்து வெட்டுவதைக் கூட்ட வேண்டும் என்பது என் உறுதியான கட்சி. அதற்குச் சின்ன வண்டிதான் தோது. 25 அடிக்கு ஒரு மரம் என்றால் ஏக்கருக்கு 70 மரம், நடுவில் கொக்கோ, ஜாதிக்காய். பெரிய டிராக்டர் உள்ளே திரும்பினால் கொக்கோக் கிளை முறியும்.

ஸ்லாஷர் மாட்டும்போது கவனிக்க வேண்டியது அதன் சாய்வு. முன்விளிம்பு பின்விளிம்பைவிட அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை தாழ்ந்திருக்க வேண்டும். டாப் லிங்க்கின் நடுக்குழாயைத் திருகினால் நீளம் மாறும், சாய்வும் மாறும். முன்பக்கம் உயர்ந்துவிட்டால் வெட்டிய புல்லையே மறுபடி மறுபடி அடித்து, டீசலைக் குடித்து, பெட்டியைச் சூடாக்கும். வண்டி மெதுவாகப் போக வேண்டுமென்றால் கியரைக் குறைக்கலாம், ஆக்சிலரேட்டரைக் குறைக்கக் கூடாது. எஞ்சின் வேகம் இறங்கினால் தகட்டின் வேகமும் இறங்கிவிடும், புல் வெட்டுப்படாமல் மடங்கிப் படுக்கும்.

நாலடி அகலத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றும் தகட்டின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் ஒரு கூழாங்கல் பட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பின்னால் சங்கிலித் திரை இல்லாத ஸ்லாஷரை வாங்காதீர்கள். ஓடும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது, ஆடு மேய்க்கும் பையன்கள் உட்பட. தோப்புக்காரர்களுக்குக் கல்லைவிடப் பெரிய தொல்லை சொட்டுநீர்க் குழாய். புல்லுக்குள் மறைந்து கிடக்கும் 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய் ஒருமுறை தகட்டில் சிக்கினால், மரத்துக்கு மரம் உருவி இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். வெட்டுவதற்கு முந்தின நாளே குழாய்களைச் சுருட்டி மரத்தடியில் ஒதுக்கிவிட வேண்டும். விழுந்த மட்டைகளையும் பொறுக்கிவிட வேண்டும். ஓலையை ஸ்லாஷர் தாங்கும், மட்டையின் அடிக்கட்டையைத் தாங்காது.

இப்போது கருவி மாற்றுவது. எங்கள் ஊர் லேத்துப் பட்டறை அண்ணன் கற்றுக்கொடுத்த வரிசையைத்தான் நான் இன்றும் பின்பற்றுகிறேன். "அம்மிணி, மாட்டறப்ப இடது, வலது, மேல். கழட்டறப்ப அப்படியே திருப்பிப் போட்டுக்குங்க. ஷாஃப்ட்டு மட்டும் மாட்டறப்பக் கடைசி, கழட்டறப்ப மொதல்ல." இதில் காரணம் இருக்கிறது. இடது கீழ்க்கையின் உயரத்தை உட்கார்ந்த இடத்தில் மாற்ற முடியாது, அதனால் வண்டியைப் பின்னால் எடுத்து அதை முதலில் கருவியின் பின்னோடு பொருத்த வேண்டும். வலது கைக்கு மேலே ஒரு கைப்பிடி இருக்கிறது, அதைச் சுற்றினால் அந்தக் கை ஏறும், இறங்கும். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் வலதைச் சுற்றிச் சரிபண்ணிக்கொள்ளலாம். அப்புறம் டாப் லிங்க். அதன் பிறகு பக்கச் சங்கிலிகளை இறுக்கினால் கருவி இடம் வலம் ஆடாது. சமதளமான, காய்ந்த தரையில் மாற்றுவது பாதி வேலையைக் குறைத்துவிடும். நாங்கள் களத்துமேட்டில் சிமென்ட் போட்ட இடத்தில்தான் மாற்றுகிறோம்.

பி.டி.ஓ. தண்டையும் கருவியையும் இணைக்கும் ஷாஃப்ட் தனிக்கதை. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும், குறுகும் இரட்டைக் குழாய் அது. புதுக்கருவியோடு வரும் ஷாஃப்ட் உங்கள் வண்டிக்கு அளந்து செய்ததல்ல. நீளம் அதிகமாக இருந்தால், கருவியைத் தூக்கும்போது முட்டிக்கொண்டு கியர் பெட்டியையே உடைக்கும். குறைவாக இருந்தால் ஓட்டத்தில் உருவிக்கொள்ளும். முழுக்கக் குறுகிய நிலையில் முட்டாமல் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். நீண்ட நிலையில் குழாயின் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். பெரும்பாலும் லேத்தில் கொடுத்து வெட்ட வேண்டியிருக்கும், இரண்டு குழாயையும் சம அளவு வெட்ட வேண்டும். பல்லில் ஏற்றியதும் பூட்டு 'டக்'கென்று விழுந்ததா என்று பின்னுக்கு இழுத்துப் பாருங்கள்.

குழி மிஷின் மாட்டினால் வண்டி வேறு குணத்துக்குப் போய்விடுகிறது. நீளமான கம்பத்தின் நுனியில் கியர் பெட்டி, அதன் கீழே திருகு. பாரம் முழுவதும் வண்டிக்கு வெகு பின்னால் தொங்குகிறது. பட்டியலில் 750 கிலோ தூக்கும் என்று போட்டிருந்தாலும் அது கீழ்க்கையின் நுனியில் அளந்த கணக்கு. பாரம் பின்னால் போகப் போக முன்சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் பிடிக்காது. முன்பக்கம் எடைக்கட்டி மாட்டாமல் குழி மிஷினோடு வரப்பு ஏறக் கூடாது.

பலரும் தெரியாமல் தடுமாறும் விஷயம் ஒன்று உண்டு. டிராக்டரின் ஹைட்ராலிக் கை தூக்க மட்டுமே செய்யும், கீழே அழுத்தாது. இறங்குவது சொந்த எடையில்தான். ஆகவே காய்ந்து இறுகிய செம்மண்ணில் திருகு மேலேயே வழுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். உடனே யாராவது ஒருவர் கியர் பெட்டியின்மேல் ஏறி நின்று அழுத்துவார். நான் வண்டியை அணைத்துவிட்டு அவரை இறங்கச் சொல்வேன், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும். முந்தின நாள் சாயங்காலம் குழி எடுக்கும் இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தால் திருகு தானாக இறங்கும். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து எடுப்பது எல்லாவற்றிலும் உத்தமம்.

ஈரம் அதிகமானால் வேறு சிக்கல். திருகாணி மரத்தில் இறங்குவது போலத் திருகு தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளும், ஹைட்ராலிக்கால் தூக்க முடியாது. அதனால் ஓரடி இறங்கியதும் தூக்கி மண்ணை உதறிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். வேரிலோ கல்லிலோ இடித்தால் ஷாஃப்ட்டில் உள்ள ஷியர் போல்ட் அறுந்துவிடும். கியர் பெட்டி உடையாமல் இருக்க அது தன்னைக் கொடுக்கிறது. அந்த இடத்தில் உறுதியான போல்ட் போட்டால் அடுத்த முறை உடைவது பல்சக்கரமாக இருக்கும். கருவியோடு வந்த அதே ரக போல்ட்டுகள் ஒரு கை நிறைய டூல் பெட்டியில் இருக்கட்டும். மாட்டிய திருகை விடுவிக்க எஞ்சினை அணைத்துவிட்டுப் பெரிய பைப் ஸ்பேனரால் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

வாழைக்கும் முருங்கைக்கும் ஒன்றரை அடிக் குழி போதும், ஒரே துளையில் முடிந்துவிடும். தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடி சதுரக் குழி வேண்டும். ஒன்றரை அடித் திருகை வைத்து நாலு மூலையிலும் நாலு துளை போட்டுவிட்டு, நடுவில் நிற்கும் மண்ணை மண்வெட்டியால் இழுத்துவிடுகிறோம். ஆளை வைத்து முழுக்க வெட்டியதைவிட வேலை வெகு இலகு. களிமண் பூமியில் திருகு குழியின் சுவரை வழுவழுவென்று தேய்த்துவிடும், பிள்ளை வேர் அதைத் துளைக்கத் திணறும். கடப்பாரையால் சுவரை நாலைந்து இடத்தில் கொத்திவிட்டே கன்றை வைக்க வேண்டும்.

ஷாஃப்ட் ஓடும்போது அருகே போகவே கூடாது என்பதை எங்கள் வீட்டில் சட்டமாக வைத்திருக்கிறோம். நொடிக்கு ஒன்பது சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் நுனி, சேலைத் தலைப்பு, லுங்கி விளிம்பு, எது பட்டாலும் கை ஓங்குவதற்குள் ஆளை இழுத்துவிடும். நான் வண்டியருகே போகும்போது சேலைக்கு மேல் சட்டை போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன், முடியைக் கொண்டை போட்டுவிடுகிறேன். எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, தகடு நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பின்பக்கம் போவேன். அணைத்த பிறகும் ஸ்லாஷர் தகடு கொஞ்ச நேரம் சுற்றும்.

இரண்டு கருவியும் சொந்தமாக வேண்டுமா? ஸ்லாஷர் வருடத்துக்குப் பலமுறை வேலை செய்யும், அதை வாங்கலாம். குழி மிஷின் நடவு இல்லாத வருடம் துருப்பிடித்து நிற்கும். எங்கள் பகுதியில் நாலைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறோம். வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டரும் கருவிகளும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும், உழவன் செயலியில் பதிவு செய்யலாம். சொந்தமாக வாங்கினால் மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. பெண்கள் பெயரில் விண்ணப்பம் போடுங்கள், கூடவே அந்தப் பெண்ணுக்கே கருவியை மாட்டவும் கழற்றவும் கற்றுக்கொடுங்கள். வாடகைக்கோ இரவலுக்கோ எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: பின்களின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, யுனிவர்சல் ஜாயின்ட்டில் கிரீஸ் இருக்கிறதா, ஷாஃப்ட்டின்மேல் பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கிறதா. உறை இல்லையென்றால் கருவியை ஏற்றாமல் திருப்பி அனுப்புங்கள், நடவு இரண்டு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.